மதிலும் கிஸ்தியும்

புதுச்சேரியில் கைடு வேலை பார்க்கிறவனிடம் பிரெஞ்சுக்காரர்கள் கேட்பது ஒன்று, நம் ஆட்கள் கேட்பது இன்னொன்று. பிரெஞ்சுக்காரர் பழைய வரைபடத்தின் நகலோடு வருவார். "இதில் கோட்டை இருக்கிறது, ஊரைச் சுற்றி மதில் இருக்கிறது. எங்கே அவை?" என்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் காரை எடுத்து ஈ.சி.ஆர். வழியாக வந்து இறங்கியவர் மதிலைப் பற்றிக் கேட்க மாட்டார். "அண்ணா, இங்க லோக்கல் சரக்கு எது? எந்தக் கடை?" என்பார். எண்பதுகளின் கடைசியிலிருந்து இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லித்தான் பிழைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே நடையில் பதில் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

போர்தோ பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எதிர்பார்ப்பு கொஞ்சம் கூடுதல். அங்கே செந்த் எமிலியோன் என்று ஒரு சின்ன ஊர். இடைக்கால மதிலின் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. மதிலைத் தாண்டிக் கால் வைத்தால் திராட்சைத் தோட்டம். ஊர்ப் பெயர்தான் ஒயினுக்கும் பெயர். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே கைடாக இருப்பவர் கல்லைத் தொட்டுக் காட்டலாம், கோப்பையில் ஊற்றியும் காட்டலாம். எனக்குத் தொடுவதற்குக் கல் கிடையாது. ஊற்றிக் காட்டலாம் என்றால், எங்கள் ஊர்ச் சரக்கின் பெயரை எந்தச் சுற்றுலாக் கையேடும் அச்சிடுவதில்லை.

மதில் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். வெயிலில் நிற்கிறவர்களுக்கு நாலைந்து தேதிக்கு மேல் தாங்காது. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே கடை விரித்தார். 1693இல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று 'பிரெஞ்சு நேர்த்தி' என்று எல்லோரும் படம் எடுக்கிற நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு முதல் வரைபடம் போட்டது அந்த டச்சுக்காரர்கள். இதைச் சொல்லும்போது பிரெஞ்சு விருந்தாளிகளின் முகத்தில் லேசாக ஒரு சுணக்கம் தெரியும். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

திரும்பி வந்த மர்த்தேன், பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வடிவமைத்த தூர்னே கோட்டையைப் பார்த்து ஐந்து மூலைக் கோட்டை ஒன்றைக் கட்டினார். 1706 ஆகஸ்ட் 25, செயின்ட் லூயி திருநாளன்று திறப்பு விழா. அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று அவர் செத்துப்போனார். ஊரைச் சுற்றிய மதில் அதற்குப் பிறகு வந்தது. 1720களிலும் 1730களிலும் மூன்று பக்கம் எழுந்தது. கடல் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. செலவைக் குறை, கட்டட வேலைகளை நிறுத்து என்று 1743இல் பாரிசிலிருந்து கம்பெனி உத்தரவு போட்டது. அப்போது கவர்னராக இருந்த துய்ப்ளே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பணத்தைப் போட்டுக் கடல் பக்கத்தையும் அடைத்தார். 1748இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டு, மழைக்காலம் தொடங்கியதும் வெறுங்கையோடு திரும்பியதற்கு அந்த மதிலும் ஒரு காரணம்.

இந்த மதிலைக் காட்டுவதுதான் என் வேலை.

எங்கள் சீனியர் ஒருவர் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன்னால் ஆட்களை நிறுத்தி, "நீங்கள் கோட்டைக்குள் நிற்கிறீர்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார். அது உண்மையும்கூட. பூங்காவும் ராஜ் நிவாசும் சட்டமன்றமும் இருக்கிற வட்டாரத்தில்தான் கோட்டை இருந்தது. ஆனால் புல்தரையைப் பார்த்துக்கொண்டு கோட்டையை நினைத்துப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? நான் ஆட்களை நடக்கவைப்பேன். காலை ஆறு மணிக்கு, கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடும் முன்பே கிளம்பி, வடக்கு முனையில் சர்தார் வல்லபபாய் படேல் சாலைக்குள் திரும்புவோம். பிறகு மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, மறுபடி கடற்கரை. வடக்கு புல்வார், மேற்கு புல்வார், தெற்கு புல்வார் என்றுதான் பழைய ஆட்கள் இவற்றைச் சொல்வார்கள். முட்டை வடிவத்தில் ஊரைச் சுற்றி வருகிற இந்தச் சாலைகள்தான் மதிலும் அகழியும் இருந்த இடம்.

நடக்கும்போது இடது பக்கத் தெருவையும் வலது பக்கத் தெருவையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்வேன். வடக்கு புல்வாரில் மேற்கு நோக்கிப் போகும்போது இடது கைப்பக்கம் ஊர். எந்தத் தெருவின் வாயில் நின்றாலும் கோடு போட்டாற்போல் நேராக ஓடும், மறுமுனை வரை பார்வை போகும். வலது கைப்பக்கம் முத்தியால்பேட்டை. அங்கே தெரு வளையும், குறுகும், கோயிலைச் சுற்றிக்கொண்டு போகும். அளவுகோலை வைத்து ஊரை வரைந்தவன் கை மதில் வரைக்கும்தான் போயிற்று. அதற்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் சௌகரியப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு முறை பார்த்துவிட்டவருக்குப் பிறகு நான் மதிலைக் காட்ட வேண்டியதில்லை. அவரே "இது உள்ளே, இது வெளியே" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

இன்னொரு உபாயமும் உண்டு. ஊருக்குள் இடம் கிடைக்காதவை எங்கே போயின என்று காட்டுவது. 1826இல் போட்ட தாவரவியல் பூங்கா மேற்கு புல்வாரைத் தாண்டி இருக்கிறது. 1879இல் வந்த ரயில் தெற்கு புல்வாரோடு நின்றுவிட்டது. கல்லறைகள், பஞ்சாலைகள், பஸ் நிலையம் எல்லாம் வெளியே. இவை வரும்போது மதில் இல்லை. ஆனால் மதில் விட்டுவைத்த காலியிடம் கிடந்தது, அதில் போய் உட்கார்ந்தன. வாசல்களைப் பற்றிக் கேட்டால் சாலைகளின் பெயர்ப்பலகையைக் காட்டிவிடலாம். வழுதாவூர் சாலை, வில்லியனூர் சாலை, கடலூர் சாலை. அந்தந்த ஊர் நோக்கி அந்தந்த வாசல். வடக்கே சென்னை வாசல்.

வாசலில் சிப்பாய் மட்டுமா நின்றான்? தீர்வை வாங்குகிறவனும் நின்றான். மதிலைப் போர்க்கருவியாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். முற்றுகை எப்போதோ ஒரு முறை வரும். மாட்டுவண்டி தினமும் வரும். வெற்றிலை, புகையிலை, சாராயம் ஆகியவற்றை ஊருக்குள் விற்கிற உரிமையைக் கம்பெனி குத்தகைக்கு விட்டிருந்தது. வேறு எவனும் உள்ளே கொண்டுவந்து விற்காமல் இருந்தால்தான் குத்தகைக்காரன் பணம் கட்டுவான். மதில் இருந்தால்தான் குத்தகைக்கு மதிப்பு. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் போர்ச் செய்திகளுக்கு நடுவே இந்தக் குத்தகைப் பேச்சுகளும் தலைகாட்டும். ரங்கப்பிள்ளைத் தெருவில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. கீழே தமிழ்ப் பாணி மரத்தூண், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண். பெரிய மார்க்கெட்டின் மீன்வாடை வீசுகிற தூரத்தில் அந்த வீடு இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படும். அவர் வியாபாரி, விலைவாசி தெரிந்த மனுஷர்.

மதிலுக்கு உள்ளே இருந்ததாலேயே எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1748 முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதுதான் சம்பாக் கோயில் என்கிற மாதா தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். பிள்ளை அதை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். இன்று ஈசுவரன் கோயில் தெருவில் இருப்பது பிறகு கட்டியது. அதைவிடக் கொடுமை 1760 நவம்பரில் நடந்தது. ஆங்கிலேயர் சுற்றி வளைத்திருக்க, உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. தளபதி லாலி, சண்டைக்கு உதவாத ஊர் ஜனங்களை வெளியே துரத்தச் சொன்னார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 1,400 பேர். ஆங்கிலேயர் படை அவர்களை அந்தப் பக்கம் விடவில்லை, மதிலும் மறுபடி திறக்கவில்லை. எட்டு நாள் இரண்டு படைகளுக்கும் நடுவில் புல்லின் வேரைத் தோண்டித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கடைசியில் ஆங்கிலேயர்தான் வழிவிட்டார்கள். மேற்கு புல்வாரில், மொபைல் கடைகளும் துணிக்கடைகளும் திறக்கிற நேரத்தில், இதைச் சொல்வேன். அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவைக் கீழே இறக்குவார்கள்.

1761 ஜனவரி 12 அன்று பிள்ளை இறந்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் தேதி, ஊர் சரணடைந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு லாலி கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைத் தரைமட்டமாக்கியிருந்தார். ஆங்கிலேயர் அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். கோட்டைக்கு வெடி வைத்தார்கள், மதிலைச் சாய்த்து அகழியைத் தூர்த்தார்கள், வீடுகளையும் விடவில்லை. ஊர் 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியபோது மதிலை மறுபடி எழுப்பப் பார்த்தார்கள். 1778இலும் 1793இலும் மறுபடி ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கை, இனிமேல் கோட்டை கொத்தளம் கட்டக்கூடாது, போலீசுக்கு வேண்டிய ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அதோடு கதை முடிந்தது. இடிபாடு புல்வார் ஆயிற்று.

இடையில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் பாரதி பூங்காவைத் தாண்டுவதில்லை. லெ ஜெந்தி என்ற வானியல் ஆராய்ச்சியாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி நகர்வதைப் பார்ப்பதற்காகப் பிரான்ஸிலிருந்து இங்கே கிளம்பினார். 1761 ஜூனில் பார்ப்பது ஏற்பாடு. கப்பல் நெருங்கும்போது ஊர் ஆங்கிலேயர் கையில். நடுக்கடலில், ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்து என்ன பிரயோஜனம்? அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் இங்கே வந்து, இடிந்த கோட்டையின் மேலேயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். கீழ் நிலவறையில் வெடிமருந்து, மேலே தொலைநோக்கி. 1769 ஜூன் மாதம் அந்த நாள் வந்தது. விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து போன பிறகு வெயில் அடித்தது. பிரான்ஸுக்குத் திரும்பினால், செத்துப்போனதாகக் கணக்கெழுதிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் கதைக்கு மதிலோடு பெரிய சம்பந்தம் இல்லை. மக்களுக்குப் பிடிக்கிறது, சொல்கிறேன்.

லெ ஜெந்தி காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்கள் தெரிவதை எழுதி வைத்தார். பின்னால் 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கவனித்து, 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேடு அதுதான். சரக்குக் கேள்விக்கு என் பதில் அங்கிருந்து தொடங்குகிறது. செயின்ட் லூயி தெரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் மண்ஜாடித் துண்டுகள் இருக்கின்றன. இரட்டைக் கைப்பிடி, கூம்பிய அடிப்பாகம். தரையில் நிற்காது, கப்பலின் வயிற்றில் வரிசையாகச் சாய்த்து அடுக்குவதற்கான வடிவம். மத்தியதரைக்கடலின் கிழக்குக் கரைகளிலிருந்து ஒயின் வந்த ஜாடிகள். உள்பக்கம் பிசின் பூசிக் கசியாமல் செய்திருப்பார்கள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பிரெஞ்சு விருந்தாளியை அந்தக் கண்ணாடியின் முன்னால் நிறுத்தி, "உங்கள் ஒயினுக்கு முன்பே இங்கே ஒயின் இறங்கிவிட்டது" என்று சொல்வேன். சிரிப்பார்.

ஆக, இந்த ஊரில் ஒயின் எப்போதுமே கப்பலில் வந்ததுதான். பிரெஞ்சுக் காலத்திலும் அப்படியே. துரைமார்கள் விருந்தில் பீரங்கி முழக்கத்தோடு குடித்ததெல்லாம் பீப்பாயில் கடல் தாண்டி வந்தது. இங்கே திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் வடித்த கதை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சில வீடுகளில் பன்னீர் திராட்சையையும் சர்க்கரையையும் ஜாடியில் போட்டு வேடு கட்டி வைப்பார்கள். அது வீட்டுக்கும் உறவுக்கும் மட்டும். ஊர் ஜனம் குடித்தது கள்ளும் சாராயமும்.

இன்றைக்கும் இந்த இரண்டையும் அரசாங்கமே அனுமதிக்கிறது. சாராயம் வடிப்பது அரசு நிறுவனமான புதுச்சேரி வடிசாலை. வில்லியனூர் பக்கம் ஆரியப்பாளையத்தில் இருக்கிறது. சாராயக்கடை, கள்ளுக்கடை இரண்டும் ஏலம். ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்ட வேண்டும். கிஸ்தி பாக்கி வைத்தால் கடைக்குச் சீல், வைப்புத்தொகைக்கு ஆபத்து. துய்ப்ளே காலத்துக் குத்தகைக்காரன் எழுந்து வந்தால் இந்த முறையை அவனுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

சாராயக்கடையைச் சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் வைப்பதில்லை. ஒரு நிறுவனம், அந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் இனி கூப்பிட மாட்டோம் என்று எனக்குச் சொல்லி அனுப்பியது. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சாராயக்கடை பார்க்க அழகான இடம் இல்லை. பஞ்சாலைகள் ஓடிய நாட்களில், சம்பளத் தேதியன்று மில் வாசலில் புருஷனுக்காகக் காத்து நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். புருஷன் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கவரை வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்கள் நிற்கிற தோரணையிலேயே தெரியும். அந்தக் காட்சியைப் பார்த்தவன் சாராயத்தைப் பற்றி மெருகேற்றிப் பேச மாட்டான். ஆனாலும் யாராவது லோக்கல் சரக்கு எது என்று உண்மையாகவே கேட்டால், வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய பிராந்திப் பாட்டிலைக் காட்டி அதுதான் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பாட்டிலுக்கும் இந்த மண்ணுக்கும் இருக்கிற ஒரே சம்பந்தம் வரி குறைவு என்பதுதான்.

வரி விஷயத்துக்குத் தனிச் சரித்திரமே உண்டு. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரி, வறண்ட நிலத்துக்கு நடுவில் நனைந்த திட்டாக ஆயிற்று. 1954 நவம்பர் 1இல் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. குடி விஷயத்தில் அக்கம்பக்கத்தோடு சேரவில்லை. தமிழ்நாடு 1971இல் திறந்து, 1974இல் மூடி, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் அங்கே நின்றுபோயின. இத்தனைக்கும் நடுவில் இங்கே கடை மூடவில்லை. 2020இல் ஊரடங்கு தளர்ந்தபோது புதுச்சேரி அரசு கொரோனா வரி போட்டு, பாட்டில் விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கியது. வரி நீடித்த அந்த மாதங்களில் வார இறுதிக் கூட்டம் மெலிந்துபோனது. மணற்குளக் கோயிலுக்கும் ஆசிரமத்துக்கும் வருகிறவர்கள் எத்தனை பேர், மற்றதற்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அப்போது புரிந்துபோயிற்று.

இனி கள். இதைத்தான் நான் விரும்பிக் காட்டுவது. இதற்கும் மதிலுக்கும் இருக்கிற உறவைச் சொல்ல ராபர்ட் ஓர்ம் எழுதிய போர்ச் சரித்திரம் உதவுகிறது. ஊர் மதிலிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி இன்னொரு அரண் இருந்தது என்கிறார். அது கல் இல்லை, வேலி. வடக்கே கடலோரம் தொடங்கி வளைந்து வளைந்து அரியாங்குப்பம் ஆறு வரை ஐந்தரை மைல் நீளம். கற்றாழையும் முள்செடிகளும் அடர்ந்து, ஊடே தென்னையும் பனையும் ஏராளமாக நின்றன. குதிரைப்படை நுழையவே முடியாது, காலாட்படைக்கும் படாதபாடு. சாலைகள் வேலியைக் கடக்கிற இடங்களில் காவல் அரண்கள். ஆக ஊரின் வெளி மதில் பனையும் தென்னையும் கலந்த மதில். கல் மதில் போனது. வேலியும் போனது. மரங்கள் முற்றிலும் போகவில்லை.

ஆர்வம் உள்ளவர்களை ஊர் நடை முடிந்த மறுநாள் விடியற்காலையில் பாகூர் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தென்னையிலும் பருவத்தில் பனையிலும் ஏறுகிறவர். இடுப்பில் தோல் உறை, அதில் பாளை சீவுகிற கத்தி. கத்தியின் முனையில் வெயில் பட்டால் கண் கூசும். ராத்திரியே தீட்டி வைத்துவிடுவார். தென்னம்பாளை வெடிப்பதற்கு முன்பே அதை நாரால் இறுக்கிச் சுற்றி, நாள்தோறும் ஒரு கட்டையால் மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கி அழுகும், தட்டாமல் விட்டால் சுரக்காது. பதம் வந்ததும் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். பிறகு காலையும் மாலையும் ஏறி, காய்ந்த வாயை ஒரு மெல்லிய சீவலாக எடுத்துவிட வேண்டும். அந்தச் சீவல் கீழே விழுந்தால் எடுத்து விருந்தாளி கையில் கொடுப்பேன். வெங்காயத் தோல் கனம்தான் இருக்கும். அதைவிடத் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பார் பெரியவர். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் அந்தச் சீவலைப் பார்த்துவிட்டுக் கேட்டால் நல்லது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கலயத்தில் ஒட்டியிருக்கும் பழைய கள்ளே புளிக்க வைத்துவிடும், உறை ஊற்றத் தேவையில்லை. விடியலில் இறக்கியது இனிப்பாக, நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும். பத்து மணிக்கு அதிலேயே ஒரு வேகம் வந்திருக்கும். சாயங்காலம் புளிப்பேறி, பழக்கமில்லாதவர் முகத்தைச் சுளிப்பார். மறுநாளுக்கு வைத்தால் காடிதான். அதனால் இது கப்பலேற முடியாத சரக்கு. மரத்தடியிலிருந்து ஒரு சைக்கிள் போகிற தூரம்தான் இதன் ஊர். பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி ஏற்றுமதி செய்வதற்கு இதில் ஒன்றும் நிற்காது. கடையில் பனையோலைப் பட்டையிலோ பிளாஸ்டிக் மக்கிலோ கொடுப்பார்கள். பக்கத்தில் சுண்டல், கருவாட்டுப் பொரியல், அவித்த முட்டை. செந்த் எமிலியோன் பக்கத்துக்காரர் ஒருவர் பட்டையை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் மோந்துவிட்டு, ஈஸ்ட், தேங்காய், ஈரமண் என்று அடுக்கினார். பெரியவர் என்னிடம், "என்னா தம்பி, மோந்துகிட்டே இருக்காரு? குடிக்கச் சொல்லு, நுரை போவுது" என்றார்.

பாகூர்ப் பக்கத்துக்கு வந்தால் நான் காட்ட வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த கிராமங்கள் வந்தபடியே பிரிந்து கிடக்கின்றன. விழுப்புரம் சாலையில் பஸ்ஸில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். வயல்வெளியில் எல்லை என்பது ஒரு வரப்பு, ஒரு வாய்க்கால். பெரியவர் ஏறுகிற தோப்பிலிருந்து பார்த்தால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு தோப்பு தெரியும். அது கடலூர் மாவட்டம். "அந்த மரத்துல ஏறி இதையே பண்ணா கேசு. இந்த மரத்துல ஏறுனா கடைக்காரரு கிஸ்தி கட்டியிருக்காரு. மரம் ரெண்டும் ஒரே கன்னுதான் தம்பி, எங்க அப்பா வச்சது" என்பார். இதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது விருந்தாளிகள் இரண்டு தோப்பையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், முதல்நாள் புல்வாரில் பார்த்த மாதிரியே.

அங்கிருந்து கடலூரை நோக்கிப் போகிற பஸ்களைப் பின்தொடர்ந்தால் ஆல்பேட்டை சோதனைச்சாவடி. வடக்கே என்றால் முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்குள் நுழைகிற இடம். மேற்கே கோரிமேடு தாண்டி. தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். துணி என்றால் ஒரு சத்தம், பாட்டில் என்றால் ஒரு சத்தம். அவர்கள் விரலுக்குத் தெரியும். துணிக்குள் சுற்றி வைத்தவர், அரிசிப் பைக்குள் புதைத்தவர், காரின் ஸ்டெப்னி டயருக்குள் ஒளித்தவர் என்று எல்லா ரகமும் பிடிபடும். பழைய வரைபடத்தில் வாசல்கள் என்று குறித்திருக்கும் சாலைகளில்தான், சில மைல் தள்ளி, இந்தச் சாவடிகள் இருக்கின்றன. வடக்கு, மேற்கு, தெற்கு. வித்தியாசம் ஒன்றுதான். அப்போது உள்ளே கொண்டுபோகிறவனை நிறுத்தினார்கள், இப்போது வெளியே கொண்டுபோகிறவனை.

அதனால் என்னோடு வரும் தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கள்ளுக்கடையிலேயே சொல்லிவிடுவேன்: இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உட்கார்ந்து குடியுங்கள், டிரைவர் குடிக்கக்கூடாது, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். மூடியை இறுக்கினால் வெயிலில் கள் பொங்கிச் சீட் முழுக்க நனையும், அந்த வாசனையோடு சாவடியில் நிற்க நேரும். மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. நடைக்குத் தொப்பியும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும். பெரியவரிடம் போகிற நாளில் ஆறு மணிக்குத் தோப்பில் இருக்க வேண்டும். அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார், மரத்திலிருந்து இறங்கியதும் கலயத்தைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.